ஆடாதோடை வேலி

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் இருமல் என்று அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேலியைப் பார்த்தால் போதும்.

துறைமுக வாசலடியில் பிரிந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை அது. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து வீட்டு வளவுகள். பதினைந்துக்கும் ஆடாதோடை வேலிதான். தென்னோலைக் கிடுகு வேலி இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. பூவரசு நட்டால் துளிர் வர முன்னமே ஆடுகள் வந்து நிற்கும். ஆடாதோடையை மட்டும் ஆடு மோந்து பார்த்துவிட்டு, ஏமாந்த ஆளைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடும். ஒரு தடியை ஒடித்து மண்ணில் குத்தி, நாலு நாள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் வேர் பிடிக்கும். அடுத்த வருஷம் ஆள் உயரம் நிற்கும்.

வேலியாய் நின்றதோடு அது வேறு எத்தனையோ வேலை செய்தது. வாழைக்குலையைப் பழுக்கப் புதைத்துத் தாழ்க்கிற கிடங்கில் அடியிலும் மேலும் அந்தக் குழையைத்தான் போடுவோம். பழம் ஒரே சீராய் மஞ்சள் பிடிக்கும். அரிசிப் பானைக்குள் நாலு காய்ந்த இலை கிடந்தால் வண்டு வராது. கால் சுளுக்கினால் இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் பிடிப்போம். இழுப்பு உள்ளவர்கள் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகை இழுப்பார்கள். ஒழுங்கை முடிவில் இருந்த ஒரு மீன்காரர் அப்படி இழுத்துவிட்டு, "சுருட்டும் ஆச்சு, மருந்தும் ஆச்சு, மனுசியின்ர வாயும் அடைபட்டுது" என்பார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சீனி சுற்றி வந்த கடதாசியில்தான் மிச்ச வாசிப்பை வாசித்தேன். அதனால் இப்படி ஆட்கள் சொல்வதைத்தான் பொறுக்கி மனதில் வைத்துக்கொள்வேன்.

என்ன இருந்தாலும் ஆடாதோடைக்கு முதல் வேலை இருமல்தான். முற்றின இலை பத்து, நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு நறுக்கிப் போடவேண்டும். கொஞ்சம் மிளகு, இரண்டு திப்பிலி, ஒரு துண்டு அதிமதுரம். இரண்டு பேணித் தண்ணீர் ஒரு பேணியாக வற்றும்வரை அவிய வேண்டும். தேன் விட்டால் நல்லது. தேன் இல்லாவிட்டால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். கசப்பு நாக்கில் விழுந்து காதுவரை போகும். ஆனால் மூன்றாம் நாள் சளி இளகி, நெஞ்சு திறக்கும். நான் எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். அது வேலை செய்கிற மருந்துதான். அது அப்படி நன்றாக வேலை செய்ததால் வந்த வினையைத்தான் எழுத வந்தேன்.

வேலியைப் பார்த்தால் போதும் என்று சொன்னேன். வேலியின் நுனியில் இங்கொன்று அங்கொன்றாய் இலை குறைந்திருந்தால் குழந்தைக்கு மூக்கொழுகுகிற தடிமன். ஒரு கிளை மட்டும் வெறுமையாய் நின்றால் பெரிய ஆளுக்குச் சளி. தொடர்ந்து பறித்துப் பறித்து வேலி மொட்டையானால், அந்த வீட்டைத் தாண்டும்போது பெண்கள் கதையை நிறுத்திக்கொண்டு போவார்கள். கசம், அதாவது சயரோகம், என்ற சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள். "அவையின்ர வேலி மொட்டை" என்பார்கள், அவ்வளவுதான். பிறகு அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட வீட்டுக்குள் வர முன்னம் ஒழுங்கையில் ஒருதரம் மேலும் கீழும் நடந்துவிட்டுத்தான் வருவார்கள்.

வெள்ளைக்காரக் கடற்படை தளத்தை விட்டுப் போய் நாலைந்து வருஷமான காலம். என் கணவர் தளத்தில் நிரந்தர வேலை பார்த்தவர். அவர்கள் போன பிறகு துறைமுகத்தில் கப்பல் மூட்டை தூக்குகிற விஞ்சை இயக்குகிற வேலைக்கு நாட்கூலியாய்ப் போனார். காலையில் ஆட்கள் வாசலடியில் நிற்பார்கள். கங்காணியார் வந்து பெயர் கூப்பிடுவார். பெயர் வந்தால் உள்ளே, வராவிட்டால் வீட்டுக்கு. மூன்று நாள் தொடர்ந்து பெயர் வராதவனை நாலாம் நாள் மறந்துவிடுவார்கள். அந்தக் கங்காணியார் எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார். ஒவ்வொரு காலையும் எங்கள் வேலியை உரசிக்கொண்டுதான் அவருடைய சைக்கிள் போகும்.

அந்த வருஷ மாரியில் என் கணவருக்கு இருமல் பிடித்தது. வழக்கம்போல் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் குறைந்தது. பிறகு திரும்ப வந்தது. திரும்பக் காய்ச்சினேன். பின்னேரங்களில் உடம்பு சுட்டது. சாரத்தை முன்னைவிட ஒரு சுற்று அதிகமாய்ச் சுற்றிச் செருகினார். நான் கைச்சுளகோடு வேலிக்குப் போனபோது பின்னால் வந்து நின்றார்.

"இஞ்சேர், இனி எங்கட வேலியில கை வைக்காதையும்."

"பிறகு எதைக் காய்ச்சுறது?"

"கங்காணியார் எண்ணிக்கொண்டெல்லோ போறார்."

"இலையையோ எண்ணுறார்?"

"ஆளை எண்ணுறார்" என்றார். சிரித்தார். சிரிப்பு இருமலாய்ப் போய் முடிந்தது.

அதன் பிறகு வேலியின் உட்பக்கத்தில் மட்டும் பறித்தேன். ஒரு செடியில் ஒரு இலை, அடுத்த செடியில் ஒரு இலை என்று பறித்தேன். தெருப்பக்கம் பசுமை குறையவில்லை. ஆனால் நாளுக்கு இரண்டுதரம் காய்ச்சினால் உட்பக்கம் எத்தனை நாளைக்குக் காணும்? வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தெரியத் தொடங்கியது.

கிண்ணியாவிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் தயிர் கொண்டுவருகிற ஒரு முஸ்லிம் ராத்தா இருந்தா. அவவிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். "ஆத்துப் பக்கம் எங்கட வளவுல காடா நிக்கிது. வந்து உரிச்சு எடுங்க" என்றா. "உங்கட ஆக்கள் பாத்தா?" என்று கேட்டேன். "எங்கட ஆக்கள் வேலியப் பாக்கிறல்ல புள்ள. சட்டியில மீன் இருக்கா எண்டுதான் பாக்கிற" என்றா.

கிழமைக்கு ஒருதரம் போனேன். பஸ்ஸில் துறையடிக்குப் போய், அங்கே பாதை ஏறவேண்டும். பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாய் ஏற்றிக்கொண்டு அக்கரை போகிற தட்டையான மிதவை. ராத்தா பின்வேலிக்கு என்னைக் கூட்டிப்போய்விட்டுத் தன் பாட்டுக்குப் பாய்க்குப் பன் கிழிப்பா. நான் பன்பை நிறையப் பறித்து, மேலே ஒரு சட்டி தயிரை வைத்து மூடிக்கொண்டு வருவேன். கேட்பவர்களுக்கு, அவருக்கு இப்போது தயிர் இல்லாமல் சோறு இறங்குதில்லை என்று சொல்லிவைத்தேன்.

மருந்துக்கு இருமல் கேட்டது. அதுதான் பெரிய ஏமாற்று. காலையில் ஒரு பேணி குடித்தால் மத்தியானம்வரை இருமல் அடங்கியிருக்கும். வாசலடியில் நிற்கிற அரைமணித்தியாலம் அவர் இருமமாட்டார். கங்காணியார் பெயர் கூப்பிடுவார். "உம்முடைய கசாயம் எனக்குப் பாஸ் போட்டுத் தருகுது" என்று அவர் சொல்ல, எனக்கும் கொஞ்சம் பெருமையாய்த்தான் இருந்தது.

நாலாம் தரம் போனபோது ராத்தாவின் பின்வேலி நான் விட்டுவந்ததைவிட மெலிந்து நின்றது.

"ராத்தா, ஆடு ஏதும் பழகிட்டுதோ?"

"ஆடு இல்ல. இன்னொரு பொம்புளையும் வாற. உங்கட டவுன் முழுக்க இருமுதா?" என்றா. ஆர் என்று நான் கேட்க, "நீங்க வாறத நான் அவட்ட சொன்னா உங்களுக்கு நல்லா இருக்குமா?" என்று வாயை மூடிவிட்டா.

அன்று திரும்பும்போது எதிரே வந்த பாதையிலிருந்து இறங்கினா, எங்கள் பக்கத்து வளவு அக்கா. கையில் என்னுடையதைப் போலவே ஒரு பன்பை.

"தயிர் வாங்க வந்தனான்" என்றேன்.

"நானும்தான்" என்றா.

பாதை கரையை விட்டுப் போயிற்று. நானும் ஏறவில்லை, அவவும் நடக்கவில்லை. என் பைக்குள்ளிருந்து நசிந்த இலை மணந்தது. எங்கள் ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அந்த மணத்தை ஒளிக்க ஏலாது. அவவின் வேலி என் வேலியைவிடத் தழைத்து நிற்பதை நான் எத்தனை நாள் பொறாமையோடு பார்த்திருப்பேன். அந்த வீட்டில் பத்தொன்பது வயதில் ஒரு மகள். நல்ல தையல்காரி. சில கிழமையாய் அந்த வீட்டுத் தையல் மெசின் ஓயாமல் ஓடியது. ஆனால் ஒரு சட்டையும் தைத்து வெளியே வரக் காணவில்லை. இருமல் வரும்போதெல்லாம் தாய் ஓடிப்போய் மெசினை மிதித்திருக்கிறா என்று எனக்கு அந்தத் துறையடியில் நிற்கும்போதுதான் விளங்கியது.

"உங்கட அவருக்கோ?" என்று கேட்டா.

"உங்கட பிள்ளைக்கோ?" என்றேன்.

இரண்டு பேரும் கரையில் கிடந்த ஒரு மரத்தில் இருந்தோம். "பழக்கமில்லாத இடத்தில அழுறது நல்லது தங்கச்சி, ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம்" என்று சொல்லிவிட்டுத்தான் அழத் தொடங்கினா. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பகுதி அடுத்த கிழமை பொம்பிளை பார்க்க வருகிறது.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் அக்கா. ரெண்டு பேரையும். நெஞ்சைப் படம் பிடிச்சுப் பாக்கினமாம். இப்ப ஊசி இருக்காம்."

"ஆஸ்பத்திரி வாசல்ல எங்களை ஆர் காணாயினம்? கலியாணம் முடியட்டும். முடிஞ்ச உடனே மருமகனே கொண்டுபோய்க் காட்டுவார்." என் கையைப் பிடித்தா. "என்ர பிள்ளையின்ர கதை உங்கட வாயில வரக்கூடாது."

"வராது" என்றேன். "என்ர கதையும்."

ஆளுக்கு ஆள் வாக்குக் கொடுத்துக்கொண்டு வந்தோம். அந்த நேரம் எனக்கு அது ஆறுதலாய் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. துணைக்கு ஒரு ஆள் கிடைத்தது போல இருந்தது. அதன் பிறகு ஒரு கிழமை நான் போய் இரண்டு வீட்டுக்கும் இலை கொண்டுவந்தேன், மற்றக் கிழமை அவ போனா.

பொம்பிளை பார்க்க வந்தார்கள். ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்தார்கள். பொருந்திவிட்டது.

அந்த மாதம் பெரிய அரிசிக் கப்பல் ஒன்று வந்து நின்றது. என் கணவருக்கு ஒருநாள் தப்பாமல் பெயர் வந்தது. ஒரு பின்னேரம் அவர் கிணற்றடியில் தன் தோள் துண்டுச் சவுக்கத்தைத் தானே தோய்ப்பதைக் கண்டேன். தின்ற சோற்றுக் கோப்பையை எடுத்து வைத்தறியாத மனிதர். நான் கிட்டப் போனபோது வாளித் தண்ணீரைச் சட்டென்று வாழைக்கு ஊற்றினார். ஊற்றியும் வாளியின் விளிம்பில் சிவப்பு இருந்தது.

"இது எத்தினை நாளா?"

"மூக்கால வந்தது."

"ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"கப்பல் போகட்டும்."

"இது போனா அடுத்த கப்பல் வரும்."

"வரட்டுமன். வந்தாத்தானே சோறு." திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "நீர் கசாயத்தைக் கொஞ்சம் கட்டியாக் காய்ச்சும்."

அடுத்த மூன்று நாளும் கெஞ்சினேன். பேசாமல் இருந்து பார்த்தேன். பிள்ளைகளைக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் கப்பல்தான் பதில். நாலாம் நாள் காலை அவர் குளித்துவிட்டு வந்து பேணியைக் கேட்டார். நான் அடுப்பு மூட்டவில்லை. கைச்சுளகை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனேன். படலையைத் திறந்து தெருப்பக்கம் வந்து நின்று, இலையைப் பறிக்கத் தொடங்கினேன்.

ஒரு செடியில் ஒரு இலை என்று பறிக்கவில்லை. கிளையின் அடியில் பிடித்து நுனிவரை உருவினேன். முதல் செடி மொட்டையானது. இரண்டாவது மொட்டையானது. மூன்று மாதம் பொத்திப் பொத்தி வளர்த்த இலை எல்லாம் சுளகிலும் நிலத்திலும் விழுந்தது. பால் வாங்கிக்கொண்டு போன ஒருத்தி கண்டும் காணாதது மாதிரிப் போனா. ஐந்தாம் செடியில் நிற்கும்போது சைக்கிள் மணி கேட்டது.

கங்காணியார் ஒற்றைக் காலை ஊன்றி நின்றார். வேலியைப் பார்த்தார், சுளகைப் பார்த்தார். கடுமையான மனிதர் என்று பெயர். அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"என்ன பிள்ளை, வாழைக்குலை தாழ்க்கப்போறியளோ?"

எனக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார். ஓம் அண்ணை என்று சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். அன்றைக்கும் பெயர் வந்திருக்கும்.

"இல்லை அண்ணை. இருமல்."

"எத்தினை நாள்?"

"மூண்டு மாசம்."

அவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். என் கணவர் சோற்றுப் பெட்டியோடு வாசலில் நின்றார். கங்காணியார் பெடலில் காலை வைத்தார். "இண்டைக்கு வாசலடிக்கு வரவேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னை வேலியில காயப்போட்டிட்டீர்" என்றார் என் கணவர். பிறகு இருபது வருஷம், உப்புக் கூடினாலும் சாவி தொலைந்தாலும், அந்த வார்த்தையை எடுத்து என் முன்னால் வைப்பார்.

அன்று மத்தியானத்துக்குள் நாங்கள் பெரியாஸ்பத்திரியில் நின்றோம். இனி ஒளிக்க எதுவும் இல்லாதபடியால் அவர் வந்தார். நெஞ்சுப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டார். இலையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "நல்ல இலைதான் அம்மா. இருமலை அடக்கும். உள்ளுக்குத் தின்னுறதை அது அடக்காது. நீங்கள் நாயை வெருட்டிப்போட்டு கள்ளனை உள்ளுக்கு விட்டிருக்கிறியள்" என்றார்.

பிறகு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "வீட்டில வேற ஆருக்கும் இருமலோ?" இல்லை என்றேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். "அக்கம்பக்கத்தில? உங்கட ஒழுங்கையில?"

பேனை கடதாசியில் நின்றது. தையல் மெசின் சத்தம் எனக்குக் காதில் கேட்டது.

"இல்லை ஐயா" என்றேன்.

என் கணவர் ஐந்து மாதம் வார்டில் கிடந்தார். ஊசி ஏற்றி ஏற்றிக் கை கல்லாய்ப் போனது. ஒழுங்கையில் எங்கள் வீட்டுத் தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கவில்லை. ராத்தா மட்டும் வந்து குசினிக் கதிரையில் இருந்து, கேட்டு வாங்கிக் குடிப்பா. அவர் திரும்பி வந்ததும், விஞ்சுக்கு ஏலாது என்று கங்காணியார் அவரைச் சாமான் அறைக்குக் காவலாய் வைத்தார். மெலிந்த மனிதராய், ஆனால் உயிரோடு, பேரப்பிள்ளையைத் தோளில் தூக்குகிற காலம்வரை இருந்தார்.

பக்கத்து வளவுக் கலியாணம் அவர் வார்டில் கிடந்தபோதே நடந்தது. அன்று அந்த வேலியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இலைக்கு இலை மூடி, வெள்ளைப் பூவும் பூத்து நின்றது. எங்கள் மொட்டை வேலிக்குப் பக்கத்தில் அது இன்னும் எடுப்பாய்த் தெரிந்தது. பொம்பிளைக்குக் கன்னத்தில் நல்ல சிவப்பு. வெட்கத்தில் சிவந்திருக்கிறா என்று சொன்னார்கள். எனக்கு அந்தச் சிவப்பு தெரியும். பின்னேரக் காய்ச்சலில் என் கணவருக்கும் அப்படித்தான் சிவக்கும்.

மருமகன் கொண்டுபோய்க் காட்டினாரா, காட்டவில்லையா, மகள் அவருக்குச் சொன்னாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த மாரி தொடங்க முன்னம் ஒரு காலை, பக்கத்து அக்கா தெருப்பக்கம் நின்று தன் வேலியை அடியிலிருந்து நுனிவரை உருவிக்கொண்டு நின்றா. மகள் திரும்பி வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள், ஊசியும் போட்டார்கள். மழை விட முன்னம் முடிந்துபோயிற்று.

செத்தவீட்டில் நான் குசினியில் நின்று பானை பானையாய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அதற்குப் பிறகும் நாங்கள் அயலவர்கள்தான். வேலிக்கு மேலால் மீன் விலை கதைத்தோம், மழையைப் பற்றிக் கதைத்தோம். துறையடி மரத்தில் இருந்து கதைத்ததை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

காலம் போகப் போக ஒழுங்கையில் ஆடாதோடை அருகிவிட்டது. தகரமும் முட்கம்பியும் வந்தன. என் கிணற்றடியில் மட்டும் ஒரு செடியை விட்டிருந்தேன். இலை கேட்டு வருகிறவர்களிடம், ஆருக்கு, எத்தனை நாளாய் என்று கேட்பேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை என்றால் பறித்துக் கொடுத்து, காய்ச்சுகிற விதத்தையும் சொல்வேன். அதற்கு மேல் என்றால் இலை கொடுக்கமாட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு ஆஸ்பத்திரிவரை நடப்பேன். "அவவிட்ட இலை கேக்கப் போனா பொலிஸ் மாதிரி" என்று ஒழுங்கையில் சொன்னார்கள். சொல்லட்டும்.

என் கணவர் போய் இரண்டாம் வருஷம், ஒரு காலை பக்கத்து அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தா. தலை முழுக்க வெள்ளை.

"தங்கச்சி, பத்து இலை தாங்கோ."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"எத்தினை நாளா அக்கா?"

"ஒரு கிழமை இருக்கும்."

சொல்லி முடிக்க முன்னமே இருமினா. நெஞ்சின் அடியிலிருந்து வருகிற இருமல். அது ஒரு கிழமை இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். அவவுக்கும் அது தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. நான் உள்ளே போய்க் குடையை எடுத்தேன், செருப்பைப் போட்டேன்.

"நடவுங்கோ அக்கா."

"எங்க?"

"உங்களுக்குத் தெரியும்."

அவ அசையவில்லை. கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு, கோபம் ஒன்றும் இல்லாத குரலில், மீன் விலை கேட்கிற மாதிரிக் கேட்டா.

"என்ர பிள்ளைக்கு நீங்கள் ஏன் இப்பிடிச் செய்யேல்லை?"

நீங்கள்தானே சொல்லக்கூடாது என்றனீங்கள். அந்தப் பதில் என்னிடம் இருபது வருஷமாய்த் தயாராய் இருந்தது. டொக்டரின் கொப்பியும் திறந்த பேனையும் ஞாபகத்தில் வந்தன. அந்தப் பதிலை நான் சொல்லவில்லை.

குடையை விரித்து அவவின் பக்கம் பிடித்தேன். அவ கிணற்றுக் கட்டை விட்டுவிட்டு நடந்தா. ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு பேரும் ஒரே குடைக்குள் போனோம்.